கடலுக்கே திருப்பிக் கொடுத்த பை

பொன்னேரியில் இந்த நினைவு மலரை அச்சடித்துக் கொடுத்தவர் நல்ல மனிதர். "தோற்றம் போட்டாச்சு தம்பி. மறைவு தேதி சொல்லு" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"காணாமப் போன தேதிதாங்க தெரியும். உசுரு போன தேதி தெரியாது" என்றார் அண்ணி. "அன்னைக்கேவா, நாலு நாள் மிதந்துகினு இருந்தா, யாருக்குத் தெரியும்? ஆடி மாசம், வங்கக் கடல்னு மட்டும் போடுங்க."

அவர் அப்படியே போட்டார். முதல் பக்கத்தில் அண்ணன் படத்துக்குக் கீழே நாள் இல்லாமல் இருப்பது அச்சுப் பிழை அல்ல. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறு வருடம் கழித்து நடக்கும் இந்தக் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுடா" என்று ஊரில் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது என்னைப் பற்றியது. அதையும் இதில்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். ஆறு வருடமாக நானே கண்ணாடி பார்ப்பதில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எங்கள் குப்பத்தில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டு நைனாவின் படகு கவிழ்ந்தது. நைனாவின் உடல் மறுநாளே கரை ஒதுங்கியது. அன்றைக்கு அதைப் பெரிய துக்கம் என்று நினைத்தோம். உடல் கிடைப்பதும் ஒரு கொடுப்பினை என்று பிறகுதான் தெரிந்தது.

நைனாவை எடுத்த அன்றே அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உனுக்குக் கடலு வேணாம். பிச்சை எடு, கல்லு ஒட, இன்னா வேணா பண்ணு. கடலு மட்டும் வேணாம்."

அம்மா சொல்லியிருக்காவிட்டாலும் அண்ணனுக்கும் கடலுக்கும் ஏழாம் பொருத்தம்தான். மீனவன் வீட்டில் பிறந்து படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் அவர். கரை கண்ணை விட்டு மறைவதற்குள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். "மீனுக்கு நாஷ்டா போட்றான் பாரு" என்று சித்தப்பா கிண்டல் செய்வார். ஆனால் கரையில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்தால் அவரைப் போல முடிச்சுப் போட ஆள் கிடையாது. முடிச்சைப் போட்டு, கட்டை விரலால் இறுக்கி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

பள்ளி முடித்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலைக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் அந்த அனலில் நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் என் படிப்பு நிற்காமல் ஓடியது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே புத்தகம் படித்து, விமானப்படைத் தேர்வு எழுதி, தேறினார். சேதி வந்தபோது அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனது இன்னும் என் காதில் இருக்கிறது: "எம்மவன் ஆகாசத்துக்குப் போறான். இனிமே கடலு அவன இன்னா பண்ணும்?"

எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை நம் வீட்டிலேயே நடக்கும் என்று யார் நினைத்தோம்.

படையில் அண்ணனுக்கு விமானம் பழுது பார்க்கும் வேலை. விடுமுறையில் ஊருக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. குப்பத்தில் ஓடாத மிக்ஸி, சுற்றாத மின்விசிறி, இழுக்காத படகு மோட்டார் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். "பெரிய ஆபீசர் வந்துகீறாரு, மிக்ஸிய எடுத்தாங்கடி" என்று பெண்கள் கூப்பிடுவார்கள். "நான் ஆபீசர் இல்லக்கா, ஸ்பேனர் புடிக்கிறவன்" என்று சிரித்துக்கொண்டே கழற்றுவார். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை.

ஆரணியில் நெல் வைக்கும் குடும்பத்திலிருந்து அண்ணி வந்தார். வந்த புதிதில் அண்ணிக்கு மீன் ஆயத் தெரியாது, அண்ணனுக்குக் களை எது பயிர் எது என்று தெரியாது. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே குடும்பம் நடத்தினார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா முகம் அவளுக்குப் படத்தில் பார்த்துத்தான் தெரியும்.

கடைசி விடுமுறையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். அப்போது அண்ணனுக்குச் சென்னைப் பக்கத்திலேயே வேலை. மூன்று நாள் வந்திருந்தார். படையில் கொடுத்த அவருடைய பச்சைக் கித்தான் பையில் தோளில் மாட்டும் பட்டை கிழிந்திருந்தது. பள்ளி முடித்துச் சித்தப்பாவோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான் கடலுக்குக் கிளம்பும்போது, "டேய், வலை ஊசியும் நூலும் குட்த்துட்டுப் போடா" என்றார். நீல நைலான் நூல்கண்டு ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தேன். கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பட்டை தைத்தாகிவிட்டது. அம்மா இறாலைக் காய வைத்து வறுத்து, உருண்டையான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எறும்பு போகாமல் மூடியை அமுக்கி அந்தப் பைக்குள் வைத்தார். அண்ணனுக்கு எங்கே போனாலும் அது வேண்டும். பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். வழியெல்லாம் டப்பாவுக்குள் இறால் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

ஒரு வாரம் கழித்து, வங்கக் கடலில் உள்ள ஒரு தீவில் நிற்கும் விமானத்தைப் பழுது பார்க்க அண்ணனை அனுப்பினார்கள். காலையில் அண்ணியிடம் போனில், "சாயந்தரம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சரக்கு விமானத்தில் ஏறினார். கடலுக்கு மேல் கொஞ்ச தூரம் போனதும் விமானத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. புகை இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு தகரத் துண்டு இல்லை. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எந்த இடத்தில் பேச்சு நின்றதோ அந்த இடத்தில்தானே தேட முடியும்?

எங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் கடலில் காணவில்லை என்றால் அத்தனை படகும் தொழிலை நிறுத்திவிட்டுத் தேடப் போகும். விமானம் விழுந்த இடம் எங்கள் பைபர் படகுகள் போகிற தூரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் அத்தனை படகும் போயின. போக முடிந்த வரைக்கும் போய், அங்கே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்தோம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கரையில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியவில்லை.

பிறகு நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கும். புரட்டாசி பிறந்துவிட்டது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, சித்தப்பாவும் நானும் மறுபடியும் தொழிலுக்குப் போக ஆரம்பித்திருந்தோம். ஒரு நாள் விடியற்காலை வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது மீனோடு சேர்ந்து கனமாக ஒன்று வந்தது. பாசி படிந்து, சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டி, நிறமே தெரியாமல் ஒரு துணி மூட்டை. நான் அதைத் தூக்கியதும் சித்தப்பா சத்தம் போட்டார்.

"டேய், பாக்காதே! மூஞ்சியத் திருப்பு. அது எந்த ஊட்டு ஆம்பளயோடதோ!"

இதுவும் எங்கள் குப்பத்து முறைதான். மனிதன் உடுத்தியதோ தூக்கிச் சென்றதோ வலையில் வந்தால் உற்றுப் பார்க்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, கரைக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் கடல் அதற்குப் பதிலாக இன்னோர் ஆளைக் கேட்கும் என்பார்கள். கற்பூரம் கொளுத்திக் காட்டிவிட்டுக் கடலுக்கே கொடுத்துவிட வேண்டும். கரையில் யாரிடமும் சொல்லவும் கூடாது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள். நானும் செய்தேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலைக் கண்ணில் மாட்டியிருந்ததை விடுவிக்கக் கையால் தடவினேன். ஒரு பட்டை கையில் பட்டது. அதில் முடிச்சுகள் இருந்தன. மூன்று முடிச்சு கல் மாதிரி, நான்காவது தளர்வாக. துணிக்குள் உருண்டையாக ஏதோ கெட்டியாக இருந்தது. தூக்கியபோது உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். சித்தப்பா துடுப்புப் பலகையின் மேல் கற்பூரம் கொளுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தண்ணீரில் விட்டேன். அது முழுகவில்லை. மிதந்துகொண்டே போனது.

இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள்: அண்ணன் கடலில் தொலைந்திருக்கும்போது, கடலில் ஒரு பை வந்தால், உனக்கு எப்படித் தோன்றாமல் போனது? நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் அப்போது அண்ணன் உயிரோடு இருந்தார். ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார், ஏதோ ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். செத்தவனுடைய பை என்று சித்தப்பா சொன்னதும், அது நம் வீட்டுடையதாக இருக்க முடியாது என்று என் புத்தி முடிவு செய்துவிட்டது.

கை முடிவு செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து நிழலில் உட்கார்ந்து அந்த நீல நூலில் வலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முடிச்சைப் போட்டுக் கட்டை விரலால் இறுக்கினேன். அப்படியே கை நின்றுவிட்டது. பையின் பட்டையில் தடவிய முடிச்சை எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தையும் எனக்குத் தெரியும், பேருந்து நிறுத்தம் வரை அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்தானே.

ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். படகைத் தள்ளினேன். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். கலங்கரை விளக்கத்தையும் தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும் பார்த்து இடம் பிடித்துத்தான் நாங்கள் வலை விடுவோம். அங்கே போய் நின்றேன். கடல் ஒரு வாசல்படியா, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க? ஒன்பது நாள் போனேன். வடக்கே ஆந்திரா எல்லை தாண்டியும் போனேன். தண்ணீரைப் பார்த்து, "குட்த்துடு, குட்த்துடு" என்று கத்தினேன். கொடுக்கவில்லை. கையில் கொண்டுவந்து கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவன் நான்.

பத்தாம் நாள் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "ஊட்ல சொல்லாதே. அவங்க நெனப்புல அவன் உசுரோட கீறான். நீ எதுக்குடா அவன சாவடிக்கிற?"

அது பாசத்தில் சொன்னதுதான். நானும் கோழை. அதைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆறு வருடம் அண்ணியும் அம்மாவும் என்ன பாடுபட்டார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். படையிலிருந்து "இறந்ததாகக் கருதப்படுகிறார்" என்று கடிதம் வந்தது. அண்ணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கருதறது அவங்க. நான் கருதல" என்றார். பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, காரியம் என்ற பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினார். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தார். மூன்று முறை வீடு மாறினார். ஒவ்வொரு முறையும் காலி செய்த வீட்டுக்காரரிடம் புது விலாசத்தை எழுதிக் கொடுத்து, "அவரு வந்தா இத்த குடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அந்தக் காகிதங்களில் இரண்டை எழுதிக் கொடுத்தது நான். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். எழுதும்போது நான் தலை நிமிராததை அண்ணி பார்த்தார். அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

அம்மா குறி கேட்காத இடம் இல்லை. யாரோ ஒருவர், "கிழக்கே தண்ணி சூழ்ந்த எடத்துல கீறான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இறால் காய வைக்கும்போதெல்லாம் ஒரு பங்கு தனியாக எடுத்து வைப்பார்.

போன தை மாதம் சித்தப்பா காலமானார். அவர் போன பிறகு அந்தப் பை என் ஒருவன் தலையில் மட்டும் இருந்தது. என்னால் தூக்க முடியவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போய் அண்ணியின் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அண்ணி கடைசி வரை கேட்டார். பிறகு முடிச்சைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

"எத்தினி முடிச்சு தம்பி?"

"நாலு அண்ணி."

"நாலும் ஒரே மாதிரியா இருந்திச்சு?"

"இல்ல. மூணு கல்லு மாதிரி. நாலாவது லூஸா இருந்திச்சு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகைக்கு நடுவில் அவர் சொன்னது இது: "நாலாவது நான் போட்டது. நானும் ஒண்ணு போடறேன்னு புடுங்கிப் போட்டேன். 'இது மீனு தப்பிச்சிப் போற முடிச்சுடி'ன்னு சிரிச்சாரு. அவுத்துட்டு வேற போடுங்கன்னேன். 'இருக்கட்டும், நீ போட்டது'ன்னாரு."

இது தன்னையும் அண்ணனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றார். அதாவது அந்தப் பை அண்ணனுடையதுதான். இந்த உலகத்தில் அண்ணன் இறந்தார் என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி என் விரல்தான். அன்று சாயங்காலம் வரை அண்ணி என் வலது கையை விடவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "ஆறு வருசம் தம்பி. ஆறு வருசம் நான் கதவத் தாப்பா போடாம இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மறு வாரம் இருவரும் படை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, இடத்தையும் காலத்தையும் எழுதிக்கொண்டார். "அப்பவே சொல்லியிருந்தா நீரோட்டத்தை வெச்சு வேற இடத்துலயும் தேடியிருக்கலாம். கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணனோடு அந்த விமானத்தில் போன மற்றவர்களின் குடும்பங்களில் இந்த மலர் யார் கைக்காவது போகலாம். உங்கள் வீட்டு வாசலும் திறந்தே கிடந்திருக்கும். நான் கடலில் விட்டது என் அண்ணனின் பையை மட்டும் அல்ல. உங்கள் காலில் விழுகிறேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் அண்ணிதான் சொன்னார். நான் வெளியே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"டப்பா மூடி நல்லா மூடிக்கினு இருந்திச்சாடா?"

"ஆமாம்மா. அதனாலதான் பை முழுகாம மிதந்திச்சு."

"ஆட்டுனா சத்தம் வந்திச்சா?"

"வந்திச்சும்மா."

"அப்டீன்னா அவன் அத்த துன்னவே இல்ல" என்றார் அம்மா. "துன்னாமயே பூட்டான்."

அதற்குப் பிறகு அம்மா குறி கேட்கப் போகவில்லை. தனியாக எடுத்து வைத்த இறாலைத் தானே கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தார். காரியம் செய்யலாம் என்று அண்ணியே சொன்னார். உடலுக்குப் பதிலாக எதை வைப்பது என்று பெரியவர்கள் கேட்டபோது, அந்த நீல நூல்கண்டில் மீந்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இன்று நீங்கள் வணங்கியது அதைத்தான்.

மூன்று நாள் தங்கள் பிழைப்பை விட்டுத் தேடி வந்த குப்பத்துப் படகுக்காரர்களுக்கும், ஆறு வருடம் அண்ணிக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட தேர்வாய் கண்டிகை அக்காக்களுக்கும், எழுதிக் கொடுத்த விலாசங்களைத் தூக்கிப் போடாமல் இன்னும் வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கும், ஆரணி சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவை யாரும் ஏச வேண்டாம். பையைத் தண்ணீரில் விட்டது என் கை, அவருடையது அல்ல.

கடைசியாக, கரை நெடுக உள்ள எல்லாக் குப்பத்துத் தொழிலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வலையில் எது வந்தாலும் முகத்தைத் திருப்பாதீர்கள். அது ஏதோ ஒரு வீட்டில் காத்துக்கொண்டிருப்பவர்களுடையது. கடல் பதிலுக்கு ஆள் கேட்டால் என்னைக் கேட்கட்டும். பாசி பிடித்த ஒரு கித்தான் பை வந்தால், பட்டையைத் தடவிப் பாருங்கள். நாலு முடிச்சு இருந்து நாலாவது தளர்ந்திருந்தால், உள்ளே இருக்கும் டப்பாவைத் திறக்காமல் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். அந்த மூடியை அமுக்கி மூடியது எங்கள் அம்மா. அவர் கையால்தான் அது திறக்கப்பட வேண்டும்.